நெல் வாடவில்லை

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஷிப்பாம் என்று ஒரு சிற்றூர். முன்னொரு காலத்தில் அங்கே துத்தநாகத் தாது தோண்டினார்கள். துத்தநாகம் இருக்கும் இடத்தில் காட்மியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் வேதியியலில் நெருங்கிய உறவு. சுரங்கங்கள் மூடப்பட்டன, தோண்டிப் போட்ட மண்ணின்மேல் வீடுகள் எழுந்தன, வீடுகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்கள் வந்தன. 1970களின் இறுதியில் அந்த மண்ணை ஆராய்ந்தவர்கள் திடுக்கிட்டார்கள். சில தோட்டங்களில் ஒரு கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராமுக்கும் மேல் காட்மியம் இருந்தது. சாதாரண மண்ணில் ஒரு மில்லிகிராம்கூட இருப்பதில்லை. உடனே ஊராரை அழைத்துப் பரிசோதித்தார்கள். அஞ்சிய அளவுக்குப் பெரிய நோய் எதுவும் அவர்களிடம் தென்படவில்லை.

ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆறு பாயும் வயல்களில் இருந்த காட்மியத்தை ஷிப்பாமோடு ஒப்பிட்டால் அற்பம்: கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். ஆனால் அங்கேதான் பெண்களின் எலும்புகள் நொறுங்கின. இருமினாலே விலா முறிந்தது. 'இத்தாய், இத்தாய்' என்று, அதாவது 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று அவர்கள் அரற்றியதே நோயின் பெயராக நிலைத்துவிட்டது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த காமியோக்கா சுரங்கத்தின் கழிவுதான் காரணம் என்று உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபோரு தொடர்ந்து வாதாடினார். 1968இல் ஜப்பான் அரசு அதை ஏற்றது. சூழல் மாசால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு முறைப்படி ஒப்புக்கொண்ட முதல் நோய் அதுவே. 1971இல் நீதிமன்றமும் சுரங்க நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மண்ணில் நஞ்சு அதிகம் இருந்த ஊர் தப்பியது, குறைவாக இருந்த ஊர் மாட்டிக்கொண்டது. எப்படி? ஷிப்பாம் மண் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது; அப்படிப்பட்ட மண்ணில் காட்மியம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்காது. அந்த ஊர்க்காரர்கள் தோட்டத்துக் கீரையும் கிழங்கும் கொஞ்சம் தின்றார்கள். ரொட்டிக்கான கோதுமை வேறு எங்கிருந்தோ வந்தது. ஜின்சூ கரையில் இருந்தவர்களோ தங்கள் வயலில் விளைந்த அரிசியையே வேளைதோறும் பல பத்தாண்டுகள் உண்டார்கள். நஞ்சை மண்ணிலிருந்து சிறுநீரகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது நெற்பயிர்.

சுரங்கக் கழிவால் பயிர் கெடுகிறது என்று அங்கே உழவர்கள் வெகு முன்பே முறையிட்டதுண்டு. மடைவாயருகே கழிவு வந்து படியும் இடங்களில் பயிர் குன்றியது. ஆனால் கெட்ட பயிரை யாரும் உண்ணவில்லை. அதைத் தாண்டி, வயலின் நடுவே பச்சைப்பசேலென்று நின்று கதிர் முற்றிய நெல்லைத்தான் உண்டார்கள்.

பயிர்கள் கனஉலோகங்களைத் தாங்குவது பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் நெருடும். 'இந்த ரகம் இத்தனை காட்மியத்தைத் தாங்கி வளர்ந்தது' என்று பெருமையாக எழுதுவார்கள். பயிரின் நோக்கில் அது வெற்றிதான். உண்பவரின் நோக்கில், தாங்காமல் செத்துப்போகும் பயிர் அதைவிடப் பாதுகாப்பானது.

அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானி ரூஃபஸ் சேனி 1980இல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். மண்ணுக்கும் நமக்கும் நடுவே பயிர் ஒரு தடுப்பாக நிற்கிறது என்பது அவர் கருத்து. ஈயமும் குரோமியமும் மண்துகளிலோ வேரிலோ சிக்கி நின்றுவிடும். தானியம்வரை ஏறுவது மிகக் குறைவு. துத்தநாகமும் செம்பும் மேலே ஏறும், ஆனால் மனிதனுக்குக் கெடுதல் செய்யும் அளவை எட்டுவதற்குள் பயிரே கருகிவிடும். இரண்டு வகையிலும் நாம் தப்பிக்கிறோம். இந்தத் தடுப்பில் நழுவுவது காட்மியம். இலையின் உலர்எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலான பயிர்கள் நோய்க்குறி காட்டத் தொடங்கும். உணவு அரிசியில் பன்னாட்டு வரம்போ 0.4 மில்லிகிராம், சீனாவில் 0.2. வரம்பை மீறிய தானியத்தைச் சுமந்துகொண்டே பயிர் செழிப்பாக நிற்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

காட்மியம் பயிருக்குள் நுழைவதே ஒரு தவறால்தான். எந்தப் பயிருக்கும் அது தேவையில்லை. நெல்லுக்கு மாங்கனீசு தேவை. அதை உறிஞ்ச வேரின் செல்சவ்வில் என்ராம்ப்-5 என்ற புரதம் இருக்கிறது. மின்னேற்றத்திலும் பருமனிலும் காட்மியம் மாங்கனீசை ஏறக்குறைய ஒத்திருப்பதால் அந்தப் புரதம் ஏமாறுகிறது. 2012இல் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் மா ஜியான் ஃபெங்கின் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. நெல் மற்ற தானியப் பயிர்களைவிட மாங்கனீசை மிகுதியாக விரும்பும் பயிர். அந்த விருப்பத்தின் விலைதான் காட்மியம்.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. நம் குடலில் இரும்பை உறிஞ்சும் புரதமும் இதே என்ராம்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலில் இரும்பு குறைந்தால் குடல் அந்தப் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். அப்போது உணவில் காட்மியம் இருந்தால் அதையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்ளும். பல பிள்ளைகளைப் பெற்று, இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வற்றிப்போன நடுவயதுப் பெண்களை இத்தாய்-இத்தாய் நோய் தேடிப் பிடித்ததற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறார்கள். உள்ளே வந்த காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். சிறுநீரக நுண்குழல்கள் பழுதாகி, பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரில் வழிந்தோடி, எலும்பு மெழுகாகும்.

வேருக்குள் நுழைந்த காட்மியத்தை நெல் என்ன செய்கிறது? சும்மா விட்டால் செல்லுக்கு ஆபத்து. துத்தநாகம் உட்கார வேண்டிய நொதிகளில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். புரதங்களின் கந்தக முனைகளைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கும். இந்தக் கந்தகப் பற்றைத்தான் தாவரம் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுகிறது. செல்லில் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு எப்போதும் இருக்கும். அதில் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் உண்டு. பல குளுட்டதயோன்களை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்க ஒரு நொதி காத்திருக்கிறது. காட்மியம் வந்தால்தான் அது வேலையைத் தொடங்கும். எதிரியே அதை எழுப்பிவிடுகிறது. புதிய மரபணுவைப் படித்து, புதிய புரதம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கருவி முன்பே கிடக்கிறது, மூலப்பொருளும் கிடக்கிறது. உண்டாகும் சங்கிலிகளுக்கு ஃபைட்டோகெலாட்டின்கள் என்று பெயர். காட்மியத்தை நாலாபுறமும் கந்தகத்தால் வளைத்துப் பிடிப்பவை இவை.

1985இல் ஜெர்மனியில் எர்வின் கிரில், வின்னாக்கர், சென்க் ஆகிய மூவரும் உயர்தாவரங்களில் இவற்றைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அவர்கள் சோதனைக்கு எடுத்தது வேறெதுவுமல்ல, நம் நாட்டு மருந்துக்கடைகளில் சர்ப்பகந்தா என்று விற்கும் செடியின் செல்கள். கண்ணாடிக் குடுவையில் வளர்த்த அந்தச் செல்களுக்குக் காட்மியம் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் தேடிய இடத்திலெல்லாம், பாசி முதல் பெருமரம்வரை, இதே மூலக்கூறு கிடைத்தது. மனிதன் சுரங்கக் கழிவைக் கொட்டத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே தாவரங்களிடம் இந்த ஏற்பாடு இருந்திருக்கிறது. பாறையும் எரிமலைச் சாம்பலும் கனஉலோகங்களை மண்ணில் எப்போதும் கொஞ்சம் கலந்துகொண்டுதான் இருந்தன.

பிடித்தால் போதாது, ஒதுக்க வேண்டும். தாவரச் செல்லின் நடுவே பெரும்பங்கு இடத்தை வாக்குவோல் என்ற நீர்ப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத சாமான்களைப் பரணில் ஏற்றுவதுபோல் செல் தன் நஞ்சை அதற்குள் தள்ளிவிடும். ஃபைட்டோகெலாட்டின் பிடித்த உலோகத்தை உள்ளே அனுப்பச் சில புரதங்கள் உண்டு. நெல்வேரில் தனிக் காட்மியத்தையே நேரே உள்ளே தள்ளும் எச்எம்ஏ-3 என்ற புரதமும் உண்டு. இது நன்றாக வேலை செய்தால் காட்மியம் வேரோடு நின்றுபோகும். தாளுக்கும் கதிருக்கும் ஏறாது.

எச்எம்ஏ-3 பிடிபட்ட கதை சுவையானது. நேபாளத்து நெல்லான அஞ்சனா தான் தன் தாளிலும் தானியத்திலும் காட்மியத்தை ஏராளமாக ஏற்றிக்கொள்ளும். ஜப்பானின் நிப்பொன்பாரே குறைவாகவே ஏற்றும். இரண்டையும் கலப்பினம் செய்து, வழித்தோன்றல்களில் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிய மா ஜியான் ஃபெங் குழுவினர் 2010இல் அதை எட்டினார்கள். அஞ்சனா தானின் எச்எம்ஏ-3இல் 80ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, புரதம் செயலிழந்துவிட்டது. வேரில் ஒதுக்கிவைக்க வழியில்லாமல் காட்மியம், நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில் ஏறிப் போய்விட்டது. ஓர் எழுத்துப் பிழை, அரிசியில் பல மடங்கு காட்மியம்.

பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமையிலும் இதே மரபணுதான் குற்றவாளி. ரொட்டிக் கோதுமையைவிட டியூரம் அதிகம் காட்மியம் ஏற்றுவதற்கு, அதன் எச்எம்ஏ-3 பழுதானதே காரணம் என்று பின்னால் தெரிந்தது. கனடாவின் சமவெளி மண்ணில் இயல்பாகவே காட்மியம் உண்டு. ஆகவே அங்கே குறைந்த காட்மியம் ஏற்றும் டியூரம் ரகங்களைத் தனியே தேர்ந்து பரப்பினார்கள். 2004இல் பதிவான ஸ்ட்ராங்ஃபீல்டு அவற்றில் பெயர்பெற்றது.

வேரைத் தாண்டிய உலோகத்துக்கு நெல்லில் இன்னொரு சோதனைச் சாவடி காத்திருக்கிறது: கணு. வெளியிலிருந்து பார்த்தால் தாளில் ஒரு முடிச்சு. உள்ளே நீரேற்றும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் பின்னிப் பிணைந்த பெரிய சந்திப்பு. எந்தச் சத்து கொடியிலைக்கு, எது கதிருக்கு என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கதிரடிக் கணுவின் செல்கள் ஆர்செனிக்கை ஃபைட்டோகெலாட்டினால் கட்டித் தங்கள் வாக்குவோலுக்குள் அடைப்பதை 2014இல் காட்டினார்கள். அதைச் செய்யும் ஏபிசிசி-1 புரதத்தை முடக்கினால் அரிசியில் ஆர்செனிக் ஏறிவிடுகிறது. பயிர் தன் விதையைக் காக்க வைத்த காவலால் நாமும் பயனடைகிறோம்.

ஆர்செனிக் என்றதும் கதை சிக்கலாகிறது. கறாராகச் சொன்னால் அது உலோகமே அல்ல, உலோகப்போலி. ஆனால் மண் நஞ்சுகளைப் பற்றிப் பேசும் எவரும் அதை விட்டுவிடுவதில்லை. வங்காளத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க் கிணற்று நீரோடு அது வயலுக்கு வருகிறது. வயலில் நீர் தேங்கிக் காற்று புகாத நிலையில், மண்ணின் இரும்பு ஆக்சைடுகள் சிதைந்து, அவை பற்றியிருந்த ஆர்செனிக்கை விட்டுவிடும். அப்போது அது ஆர்செனைட்டாக, மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறாக இருக்கும். நெல் ஏராளமாகக் குடிக்கும் சிலிசிக் அமிலத்தின் சாயல் அதற்கு உண்டு. சிலிக்கனை உறிஞ்சும் எல்எஸ்ஐ-1 என்ற புரதத்தின் வழியாகவே உள்ளே போய்விடும். இங்கேயும் ஆள்மாறாட்டம்தான். சிலிக்கன் நிறைந்த உமியை மண்ணில் சேர்த்தால் அரிசியில் ஆர்செனிக் குறைவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அசல் ஆள் நிறைய வந்தால் போலிக்கு இடம் குறைகிறது.

நெல்லுக்கு ஒரு தற்காப்பும் உண்டு. சேற்றில் நின்றபடியே மூச்சுவிட, அது தாளின் காற்றறைகள் வழியே ஆக்சிஜனை வேருக்கு இறக்கும். அதில் கொஞ்சம் கசிந்து, வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கும். பிடுங்கிய நெற்பயிரின் வேர் செம்பழுப்பாக இருப்பதை வயலில் இறங்கிய எவரும் பார்த்திருப்பார்கள். அந்தத் துருப்பூச்சு ஆர்செனிக்கில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

காட்மியம் நேர் எதிர். நீர் தேங்கிய சேற்றில் உருவாகும் சல்ஃபைடு அதைக் கரையாத காட்மியம் சல்ஃபைடாக இறுக்கிவிடும். அறுவடைக்குமுன் வயலைக் காயவிடும்போது காற்றுப் பட்டுச் சல்ஃபைடு உடைந்து, காட்மியம் விடுபடும். பால் பிடித்துத் தானியம் நிரம்பும் நேரம் பார்த்து இது நடக்கிறது. ஆகவே கதிர் வரும் பருவத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று மூன்று வாரம் நீரை வடிக்காமல் வைக்கும்படி ஜப்பானில் உழவர்களுக்குச் சொன்னார்கள். காட்மியம் குறைந்தது, ஆர்செனிக் ஏறியது. நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தண்ணீர் மிச்சமாகும், மீத்தேன் குறையும், ஆர்செனிக்கும் குறையும். மண்ணில் காட்மியம் இருந்தால் மட்டும் அது கூடும். நீரை வைத்து இரண்டு நஞ்சையும் ஒருசேர அடக்குவது மிகக் கடினம்.

ஜின்சூ வயல்களில் கடைசியில் மண்ணையே மாற்றினார்கள். மாசுபட்ட மேல்மண்ணை ஆழப் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பினார்கள். ஏறக்குறைய 860 ஹெக்டேர். 1979 வாக்கில் தொடங்கிய வேலை 2012இல்தான் முடிந்தது. செலவு 4,000 கோடி யென்னுக்கும் மேல். நீதிமன்றத் தீர்ப்பும், கேட்டு வாங்கும் அமைப்பும், பணக்கார அரசும் இருந்த இடத்தில் நடந்தது இது. சீனாவில் 2014இல் வெளியான தேசிய மண் ஆய்வில், மாதிரி எடுத்த இடங்களில் 7 விழுக்காட்டில் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது. அத்தனை நிலத்தையும் யார் கிளறிப் போடுவது?

நஞ்சை நன்றாக ஏற்றும் பயிரை வைத்தே மண்ணைக் கழுவலாம் என்று ஜப்பானியர் சிலர் யோசித்தார்கள். சோக்கோகோகு என்ற நெல் ரகத்தை இரண்டு ஆண்டுகள் நீர் வடித்த வயலில் வளர்த்து, தாளோடு அறுத்து அகற்றிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி மண்ணின் காட்மியம் 38 விழுக்காடும், அடுத்து நட்ட உணவு நெல்லின் தானியத்தில் 47 விழுக்காடும் குறைந்தன. நல்ல முறைதான். ஆனால் இரண்டு ஆண்டு விளைச்சலை இழந்து, அறுத்த நஞ்சுவைக்கோலை என்ன செய்வது என்றும் யோசிக்க, சிறு உழவரால் எப்படி முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே.

மற்றொரு வழி, காட்மியம் நுழையும் பாதையையே அடைப்பது. ஜப்பானின் வேளாண் சூழலியல் ஆய்வு நிறுவனத்தில் இஷிகாவா சதோருவின் குழு, கோஷிஹிகாரி நெல் விதைகள்மேல் கார்பன் அயனிக் கற்றையைச் செலுத்தியது. அவற்றிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான செடிகளைச் சலித்தபோது, தானியத்தில் காட்மியம் ஏறக்குறைய இல்லாத மூன்று கிடைத்தன. மூன்றிலும் என்ராம்ப்-5 உடைந்திருந்தது. 2012இல் வெளியான இந்த ஆய்விலிருந்து கோஷிஹிகாரி கான்-1 என்ற ரகம் பிறந்தது. விளைச்சலிலும் சுவையிலும் தாய் ரகத்துக்கு ஏறக்குறைய ஈடு. காட்மியப் பயம் போனதால் வயலை இடையிடையே காயவிடலாம், ஆர்செனிக்கும் குறையும். நீரால் தீராத முடிச்சை மரபணு அவிழ்த்தது.

ஆனால் என்ராம்ப்-5 மாங்கனீசுக்கான பாதையும் அல்லவா? மாங்கனீசு குறைந்த மண்ணில் இந்த நெல்லை இலைப் பழுப்புப் புள்ளி நோய் எளிதில் பிடிக்கிறது. அகிதா மாகாணம் இதே உடைந்த மரபணுவைத் தன் புகழ்பெற்ற அகிதா கொமாச்சி ரகத்தில் புகுத்தி, 2025 முதல் பழைய ரகத்துக்குப் பதிலாக அதைப் பயிரிடுகிறது. 'கதிர்வீச்சு அரிசி' என்று எதிர்ப்பும் கிளம்பியது. கதிர் பட்டது பல தலைமுறைக்கு முந்தைய விதையில். இன்று வயலில் நிற்கும் பயிரில் மிஞ்சியிருப்பது உடைந்த மரபணு மட்டுமே. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்றே நினைக்கிறேன். மாங்கனீசு பற்றிய கவலைக்கு அடிப்படை உண்டு.

அந்தக் கவலைக்கு விடை கேரளத்தின் உப்பங்கழி வயல்களிலிருந்து வரக்கூடும். அங்கே உவர்நீரைத் தாங்கி வளரும் பொக்காளி நெல்லை மா ஜியான் ஃபெங் குழுவினர் ஆராய்ந்தபோது, அதில் என்ராம்ப்-5 மரபணு உடையவில்லை, இரட்டித்திருந்தது. பாதை இரண்டானால் காட்மியம் இரு மடங்கு ஏற வேண்டும். நடந்தது தலைகீழ். வேர்ச் செல்லுக்குள் காட்மியத்தோடு மாங்கனீசும் மிகுதியாகக் குவிகிறது. அங்கிருந்து சைலத்தில் ஏறும்போது மாங்கனீசு முந்திக்கொள்கிறது, காட்மியம் வேரிலேயே பின்தங்குகிறது. அந்த இரட்டை மரபணுவைக் கலப்பின முறையில் கோஷிஹிகாரிக்கு மாற்றியபோது அரிசியில் காட்மியம் குறைந்தது; மாங்கனீசுப் பஞ்சம் வரவில்லை; விளைச்சலும் சுவையும் கெடவில்லை. 2022இல் இது வெளியானது. கோஷிஹிகாரி கான்-1இன் அளவுக்குக் காட்மியத்தை இது துடைத்தெடுப்பதில்லை. மாசு மிதமாக உள்ள நிலங்களுக்கு இது போதுமானது. கடுமையாகக் கெட்ட நிலங்களில் உடைந்த மரபணுவைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.